பர்கர் கடையில் கை நனைத்த கதை

1

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில், பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஒரு சின்ன ஊரில் நாங்கள் வந்து இறங்கி, போன சனிக்கிழமையோடு பத்தொன்பது வருடம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் நானும் மனைவி செல்வியும் மகள் அபியும் ஒரே இடத்துக்குத்தான் சாப்பிடப் போவோம். கோயில் இல்லை, தமிழ்ச்சங்கம் இல்லை. ஒரு பர்கர் கடை.

சிரிக்காதீர்கள். காரைக்குடியிலேயே இப்போது பர்கர் கிடைக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்தக் கடை வேறு. சிவப்பு ரெக்சின் போட்ட இருக்கைகள், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, காசு போட்டால் பாடும் பழைய பெட்டி, வேலை செய்கிறவர்கள் தலையில் காகிதத் தொப்பி. வெங்காயம் இரும்புக் கல்லில் வதங்கும் வாசனை வாசலிலேயே ஆளைப் பிடித்து இழுக்கும். இந்த ஊர்க்காரர்கள் தங்கள் சின்ன வயதைத் தேடித்தான் அங்கே வருகிறார்கள். "இந்த மூலையில்தான் என் தாத்தா உட்காருவார்" என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். சுவரில் உள்ள போட்டோக்களை முப்பதாவது முறையாக நின்று பார்ப்பார்கள்.

நான் வந்த புதிதில் எனக்கு அந்தக் கடையில் எந்த நினைவும் கிடையாது. பனி கொட்டிய முதல் வாரம், எதையாவது சூடாகச் சாப்பிட்டால் போதும் என்று உள்ளே நுழைந்தவன் நான். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி கிடையாது என்பதைக் கவுண்டரில் இருந்த அம்மாவிடம் விளக்க, தலைக்கு மேல் இரண்டு விரலைக் கொம்பு மாதிரி வைத்துக்காட்டி, "இது வேண்டாம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கோழி பர்கரில் மிளகாய்த் துண்டுகளை அள்ளி வைத்துக் கொடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாயால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு என் பெயரும் அங்கேதான் மாறியது. இந்த நாட்டுப் படிவங்களில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அப்பா பெயரை அதில் எழுதினேன். அன்றிலிருந்து நான்தான் ஆறுமுகம். ஊரில் எங்கள் அப்பாவின் பெயரை அம்மா ஒரு நாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கே காகிதத் தொப்பி வைத்த பிள்ளைகள், "ஆறுமுகம், உன் சிக்கன் ரெடி" என்று ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்கள். முதலில் சுருக்கென்றிருந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போது அப்பா பெயரை யாராவது சத்தமாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டுமென்றால் அங்கே போனால்தான் உண்டு.

அபிக்கு வந்தபோது ஏழு வயது. பிறந்தநாள், பரீட்சை முடிந்த நாள், பல் விழுந்த நாள் எல்லாம் அந்தக் கடையில்தான். இப்போது இருபத்தாறு வயது, பல் மருத்துவர்.

2

சித்திரையில் ஒரு நாள் அபி எங்களை உட்காரவைத்து ஈத்தனைப் பற்றிச் சொன்னாள். கூடப் படித்தவன். மூன்று வருடப் பழக்கம். கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறார்கள். செல்வி எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "பையன் என்ன சாப்பிடுவாப்புல?" என்று கேட்டாள். அதிலேயே அவளுடைய பதில் தெரிந்துவிட்டது. என் பதில்தான் எனக்கே தெரியவில்லை.

பையனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்தால் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான். ஆனால் அபி எங்களோடு பேசுகிற தமிழ் எங்கள் ஊர்த் தமிழ். வாரக் கடைசித் தமிழ் வகுப்பில் டீச்சர் எத்தனை தடவை திருத்தினாலும் வீட்டில் "எங்க போனீக, எப்ப வருவீக" என்றுதான் கேட்பாள். அவளும் போய்விட்டால் இந்த ஊரில் என்னிடம் அப்படிக் கேட்க செல்வியைத் தவிர யார் இருப்பார்கள்? இப்படி ஒரு காரணத்துக்காக மகளின் கல்யாணத்துக்குத் தயங்குகிறேன் என்று வெளியே சொல்ல முடியுமா? சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

வெளியே சொன்ன காரணம் அண்ணன். பள்ளத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா நான் கல்லூரியில் இருக்கும்போதே போய்விட்டார். அதற்குப் பிறகு என் படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் கருப்பையா அண்ணன் பேச்சில்தான் நடந்தது. ஐம்பத்திரண்டு வயதாகிறது எனக்கு, இன்றைக்கும் கார் வாங்குவதென்றால் அவரிடம் நிறம் கேட்பேன். "கறுப்பு வேணாம்ப்பா" என்பார். கறுப்பு வாங்க மாட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் கோபப்படவில்லை. "வெள்ளைக்காரனோ எவனோ, ஆளு எப்படி, ஆத்தா அப்பன் எப்படின்னு நேருல பாக்கணும். நான் வாரேன்" என்றார். பிள்ளையார்பட்டியில் அர்ச்சனை செய்துவிட்டு, சட்டையெல்லாம் புதிதாகத் தைத்துக்கொண்டு சென்னைக்கு விசா கேட்கப் போனார். அறுபது வயது மனிதர், கையில் ஒரு பை நிறையப் பட்டா, சிட்டா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், போனால் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டிருக்கிறார். அண்ணன், "நாத்துப் பாவிட்டு வந்திருக்கேன், திரும்பாம அங்க என்னத்தப் பண்ணப் போறேன்?" என்று கேட்டிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதை எப்படிச் சொன்னாரோ, பையில் இருந்த ஒரு காகிதத்தைக்கூட யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. மூன்று நிமிடத்தில் மறுத்து அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலை போனில் அண்ணன் குரல் தணிந்திருந்தது. "சரிப்பா, நீயே போய்ப் பாரு. பாத்துட்டு எங்கிட்டச் சொல்லு. நான் சரின்னு சொல்ற வரைக்கும் கை மட்டும் நனைச்சுராத" என்றார்.

சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

3

கை நனைப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அபிக்குத்தான் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்தோம். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் முடிவாகும் வரை சாப்பிடக் கூடாது. சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது, உறவு தொடங்கியது. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சலுகையும் உண்டு. காபி, கலர் சோடா குடிக்கலாம். உப்புப் போட்டது மட்டும் உள்ளே போகக் கூடாது.

எனக்குப் பெண் பார்க்க முதலில் ஆத்தங்குடிக்குத்தான் போனோம். செல்வி வீடு இல்லை, அதற்கு முன்னால். வேன் பிடித்து பதினாலு பேர். அடுப்படியில் கோலா உருண்டை பொரியும் வாசனை கூடம் வரைக்கும் வந்தது. பெண்ணின் அம்மா இலை போட்டு, "எல்லாரும் எந்திரிச்சு வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம்" என்று மூன்று தடவை கூப்பிட்டார். அண்ணன் எங்களை ஒரு பார்வை பார்த்தார். ஒருத்தரும் அசையவில்லை. ஏதோ ஒரு பொருத்தம் சரியில்லை என்று பேச்சு நின்றுவிட்டது. வேன் காரைக்குடி பேருந்து நிலையத்துக்கு வந்ததும் பதினாலு பேரும் ஹோட்டலுக்குள் பாய்ந்து, பரோட்டாவை ஒரு கை பார்த்தோம். ஆனால் அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது நான் திரும்பிப் பார்த்திருந்தேன். போட்ட இலைகளை அந்த அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். பரோட்டா எனக்கு இறங்கவே இல்லை.

சரி, அதை விடுங்கள். போன வாரம் ஈத்தன் வந்து, அவனுடைய பெற்றோர் எங்களைச் சாப்பிட அழைப்பதாகச் சொன்னான். இடத்தைக் கேட்டதும் நானும் செல்வியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் பர்கர் கடை. அவனுடைய அப்பா ரான் பதினாறு வயதில் அங்கே அடுப்பில் நின்றவராம். அவனுடைய அம்மா கேரலை அவர் முதலில் பார்த்தது அந்தக் கவுண்டரில்தானாம். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் அங்கே போய்த்தான் தொடங்குவார்களாம். நாள் கேட்டால், நாங்கள் வந்து இறங்கிய அதே சனிக்கிழமை. அவர்களுக்கு அது தெரியாது.

"கடைதானே, அவுக வீடு இல்லையே, சாப்பிடலாமா?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"கூப்பிட்டது அவுக. அப்ப அது அவுக பந்திதான்" என்றாள் செல்வி. சட்டம் பேசுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "வீட்டுலயே தயிர்ச்சோறு சாப்பிட்டுப் போவோம். அங்க மில்க் ஷேக் மட்டும் குடிப்போம். அதுல உப்பு இல்ல."

அபி, "நான் அவங்ககிட்ட முன்னாலேயே இதை விளக்கிடட்டுமா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? உங்க அப்பா இன்னும் சம்மதிக்கலன்னு நாமளே போயித் தமுக்கடிக்கணுமாக்கும்?" என்றாள் செல்வி.

அபி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

4

பன்னிரண்டு மணி என்று சொன்னது, அவர்கள் கார் டயர் வழியில் பஞ்சராகி, ஒன்றரை ஆகிவிட்டது. பத்து மணிக்குச் சாப்பிட்ட தயிர்ச்சோறு எப்போதோ கரைந்துபோயிருந்தது. ரான் நல்ல உயரம், கையெல்லாம் கிரீஸ் கறை. அறுவடை இயந்திரம் பழுது பார்க்கிறவர். கேரல் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். வந்ததும் செல்வியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

எல்லாருக்கும் பர்கர் வந்தது. நாங்கள் கேட்காமலேயே எங்களுக்குக் கோழி பர்கர் இரண்டும் வந்துவிட்டன, கவுண்டர் அம்மாவுக்கு என்னைத் தெரியுமே. "காலையில் நிறையச் சாப்பிட்டுவிட்டோம்" என்று சொல்லி மில்க் ஷேக்கை உறிஞ்சினோம். கவுண்டர் அம்மா நேராக மேசைக்கே வந்து, "ஆறுமுகம், பத்தொன்பது வருடத்தில் நீ ஒரு பர்கரை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ரான் முகம் வாடியது. இடம் பிடிக்கவில்லையோ, வேறு எங்காவது அழைத்திருக்க வேண்டுமோ என்று கேரலிடம் மெல்லக் கேட்டார். ஈத்தன் அபியைப் பார்த்தான். அபி மேசையைப் பார்த்தாள். எனக்கு உட்காரவே முடியவில்லை.

ரான் எழுந்து உள்ளே போனார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவருக்கு அங்கே உரிமை இருந்தது. ஒரு காகிதத் தொப்பியை மாட்டிக்கொண்டு, தானே எண்ணெயில் போட்டு எடுத்த ஃப்ரைஸை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "பதினாறு வயதில் போட்ட மாதிரியே போட்டேன்" என்றார். நான், "அருமையான வாசனை" என்று சொல்லிவிட்டுக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பேச்சை மாற்ற வேண்டுமே என்று ரானின் அப்பா என்ன செய்தார் என்று கேட்டேன். விவசாயம், மக்காச்சோளம் என்றார். எங்கள் வீடும் விவசாயம்தான் என்றேன். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் பேச்சு பிடித்துக்கொண்டது. மண் என்ன நிறம், எத்தனை அடியில் தண்ணீர், யார் பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். அண்ணன் பார்க்கிறார், கண்மாய்ப் பாசனம் என்றேன். கண்மாய் என்றால் என்ன என்று கேட்டார்.

வாயால் சொன்னால் புரியாது. தட்டுக்கு அடியில் இருந்த காகிதத்தை இழுத்து, கெச்சப்பைக் கொட்டி வட்டமாகப் பரப்பி, "இது கண்மாய்" என்றேன். ஃப்ரைஸை வரிசையாக வைத்து, "இது வாய்க்கால்." ஊறுகாய் வெள்ளரித் துண்டை ஓரத்தில் வைத்து, "இது எங்கள் வயல்." ரான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேலே உள்ள வயல்காரன் தண்ணீரை அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, வாய்க்காலின் குறுக்கே ஒரு ஃப்ரைஸை வைத்தார். நல்ல கேள்வி. வருடா வருடம் எங்கள் ஊரில் நடக்கிற சண்டையே அதுதான்.

"என் அண்ணன் மண்வெட்டியோடு போவார். போய் இப்படி அடைப்பை எடுத்துவிடுவார்" என்று சொல்லி அந்த ஃப்ரைஸை எடுத்தேன்.

எடுத்ததை எங்கே வைப்பது? வாயில் போட்டுக்கொண்டேன்.

மேசைக்கு அடியில் செல்வியின் கால் என் முழங்காலில் இடித்தது. மெல்லுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். அபி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. என் இடது கையில் டிஷ்யூ இருந்தது. நாக்கில் உப்பு நன்றாகத் தெரிந்தது.

"என்ன ஆச்சு?" என்று கேரல் பதறிப்போய்க் கேட்டார். அபி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கினாள். ரான் கவனமாகக் கேட்டுவிட்டு, தன் முன்னால் கிடந்த, பர்கர் சுற்றியிருந்த காலித் தாளைத் தூக்கிக் காட்டினார். "அப்படியென்றால் நாங்கள் அரை மணி நேரத்துக்கு முன்னாலேயே சம்மதித்துவிட்டோம்" என்றார். ஈத்தன் சத்தமாகச் சிரித்தான். கேரல் தன் தட்டில் இருந்ததை எல்லாம் அள்ளி என் தட்டில் வைத்தார். நம் ஊரில் சம்பந்தி அம்மாமார் வைக்கிற அதே வேகம்.

செல்வி என் காதோடு, "முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு? சாப்பிடுங்க" என்றாள். அவளும் தன் பர்கரைப் பிரித்தாள். ஆறிப்போயிருந்தாலும் கடைசித் துண்டு வரை சாப்பிட்டேன்.

5

திரும்பி வந்து காரை வீட்டு வாசலில் நிறுத்தியதும் பின்னால் இருந்து அபி கேட்டாள்.

"அப்பா, தெரிஞ்சு சாப்பிட்டீகளா, தெரியாமச் சாப்பிட்டீகளா?"

நான் சாவியை உருவி எடுத்தேன்.

"தெரியாமச் சாப்பிட்டிருந்தா அது கணக்குல வேணாம். பெரியப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கீக. நான் ஈத்தன் வீட்டுல சொல்லிக்கிறேன், அவங்க புரிஞ்சுக்குவாங்க. நீங்க பெரியப்பாகிட்ட நடந்ததை அப்படியே சொல்லுங்க."

பிள்ளைகள் கையைவிட்டுப் போகிறார்கள் என்று இதே மாதிரி நான் எழுதுகிற குறிப்புகளில் எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, ஊரில் சாயங்காலம், அண்ணனைக் கூப்பிட்டேன். அபி அடுப்படியில் ஏற்கெனவே கழுவிய டம்ளரை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னப்பா, போயிப் பாத்துட்டு வந்துட்டியா? எப்படி இருக்காக?"

"நல்ல மனுசங்கண்ணே. வெவசாயக் குடும்பம்."

"அப்படியா? சரி, கை நனைக்கலையே?"

அசந்து மறந்து வாயில் போட்டுவிட்டேன் என்று சொன்னால் அண்ணன் சிரித்துவிட்டு, அது கணக்கில் வராது என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு அவர் யோசிக்கலாம், ஒரு மாதம் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அவர் வேண்டாம் என்று சொல்லி நான் எதையும் செய்ததில்லை.

"நனைச்சுட்டேண்ணே" என்றேன்.

"என்னது?"

"வயிறு நெறையாச் சாப்பிட்டேன். தெரிஞ்சுதாண்ணே சாப்பிட்டேன்."

அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அண்ணன்னு ஒருத்தன் இருக்கேங்கிற நெனப்பு இல்லாமப் போச்சாப்பா?" குரல் உடைந்திருந்தது.

"இருந்துச்சுண்ணே. தப்புத்தான். நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

"இனி நான் என்னத்தச் சொல்ல? நனைச்ச கைய நனைக்கலன்னு ஆக்க முடியுமா? நீ சாப்பிட்டா நான் சாப்பிட்ட மாதிரித்தானே." பிறகு செருமிக்கொண்டு, "பிள்ளை அங்கிட்டு இருக்கா? குடு" என்றார்.

அபி ஈரக் கையோடு வந்து, "பெரியப்பா" என்றாள்.

"ஆத்தா, அந்தப் பயல இங்குட்டுக் கூட்டிக்கிட்டு வா. அவுக ஆத்தா அப்பனையும் கூட்டிக்கிட்டு வரணும். எனக்குத்தான் அங்குட்டு வரக் குடுப்பினை இல்ல, அவுக வரலாம்ல? நம்ம வீட்டுல இலை போட்டு நானே பரிமாறுறேன். அவுகளும் கை நனைக்கட்டும். பெரியப்பன் வேற என்னத்தக் கேக்கப் போறேன்?"

அபி சரி, சரி என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். தலையாட்டுவது அந்தப் பக்கம் கேட்காது என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. நான்தான், "வாராகண்ணே" என்று சொல்லி வைத்தேன்.

போனை வைத்ததும் அபி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பெரியப்பாகிட்டப் போய்ப் பொய் சொல்லிட்டீகளேப்பா. நீங்க தெரியாமத்தான சாப்பிட்டீக? நான்தான் பாத்தேன்ல."

"வாயில போட்டது தெரியாமத்தான்" என்றேன். "அம்மா காலால இடிச்சதும் நிமிந்து உன் மொகத்தப் பாத்தேன். டிஷ்யூ கையிலதான் இருந்துச்சு, துப்பியிருக்கலாம். அதுக்கப்புறம்தான், ஆத்தா, முழுங்குனேன்."